பழைய பூங்காவின் பாசனத்தை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சுமார் 5 ஏக்கர் பொதுப் பூங்கா. பாதி புல்வெளி, மீதி புதர்ப் பாத்திகளும் பெரிய மரங்களும். 40 வருடத்துக்கு முன் போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள், உடைந்த இடங்களில் எல்லாம் பி.வி.சி. ஒட்டு. வால்வுகளைக் கையால்தான் திருப்புகிறார்கள். ஒரு மூலையில் கால் வைத்தால் சேறு, இன்னொரு பக்கம் புல் வைக்கோலாகக் கிடக்கிறது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டுப் பூங்கா முழுக்கச் சொட்டு நீர் போட்டுவிடலாம், கைபேசியிலிருந்தே இயக்கலாம் என்று திட்டம் கொடுத்திருக்கிறார். ஒரேயடியாக மாற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, முதல் செலவை எதில் போடுவது என்பதுதான். அதற்கு என் பதில்: முதலில் அளப்பதில் போடுங்கள், அப்புறம் எல்லாப் பகுதிக்கும் தண்ணீர் கொண்டுபோகும் தலைமைக் குழாயான மெயின் லைனில், அப்புறம் தெளிப்பான்களில். கைபேசிச் சமாச்சாரம் எல்லாம் கடைசி. ஒப்பந்தக்காரர் சொல்வது இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது. 20 வருடத்துக்கு மேல் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் பாசனம் போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் உங்கள் இடத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மண் களியா மணலா, பழைய வரைபடம் இருக்கிறதா என்ற மூன்றும் உங்கள் கேள்வியில் இல்லை. அதனால் எந்த இடத்துக்கும் பொருந்துவதை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் இடத்தைப் பற்றிய ஊகத்தை ஊகம் என்றே சொல்கிறேன்.

தோண்டுவதற்கு முன் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். இரவில், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே தண்ணீர் விடும் பகுதி வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, மெயின் லைனில் மட்டும் அழுத்தம் நிற்கும்படி விட்டு, வாட்டர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் முள் நகர்ந்தால் அது கசிவு. நிமிடத்துக்கு 1 லிட்டர்தானே என்று அலட்சியமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், வருடத்துக்கு 5 லட்சம் லிட்டருக்கு மேல். மீட்டரே இல்லையென்றால், பூங்காவுக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான். மீட்டர் இல்லாமல் செய்யும் எந்த மேம்பாடும் பலன் தந்ததா இல்லையா என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, வரைபடம். இருந்தாலும் தப்பாகத்தான் இருக்கும். 40 வருடத்தில் எத்தனையோ பேர் கை வைத்த குழாய்கள் காகிதத்தில் இருக்கிறபடி இருக்காது. அங்கே நீண்ட நாள் வேலை செய்கிற தோட்டக்காரர் யாராவது இருந்தால் அவர் பின்னால் ஒரு நாள் முழுக்க நடங்கள். நான் ஒருமுறை அப்படி நடந்தபோது, ஒரு முதியவர் பேசிக்கொண்டே வந்து, வேலிச் செடிகளுக்கு நடுவில் நின்று, கையிலிருந்த கம்பியை மண்ணில் குத்தினார். ‘டங்’ என்றது. ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே ஒரு கேட் வால்வு, எந்த வரைபடத்திலும் இல்லாதது, பாதி மூடிய நிலையிலேயே துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் இருந்த புல்வெளி முழுவதும் பல வருடமாகக் காய்ந்ததற்கு அது ஒன்றே காரணம். அதற்காகவே அங்கே ஒரு புது பம்ப் வாங்கத் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

பம்ப் என்றதும் ஒரு எச்சரிக்கை. தெளிப்பான் சரியாக வீசவில்லை என்றால் பெரிய மோட்டார் போடு என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பழைய ஜி.ஐ. குழாயை ஓர் இடத்தில் அறுத்து, குறுக்கு வெட்டில் உள்ளே பாருங்கள். துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, 50 மில்லிமீட்டர் குழாயில் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு மட்டும் துளை மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக வேண்டாம், விட்டம் 50-லிருந்து 40 மில்லிமீட்டராகக் குறைந்தாலே போதும்; அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வில் தொலையும் அழுத்தம் ஏறத்தாழ 3 மடங்காகிவிடும். உட்சுவர் சொரசொரத்துப் போனதைச் சேர்த்தால் இன்னும் மேலே. பெரிய மோட்டார் போட்டால் அந்த உராய்வை வெல்ல மின்சாரத்தைக் கொட்டுவீர்கள். போதாததற்கு, துருவால் மெலிந்த சுவர் அடுத்தடுத்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும்.

இது உங்கள் பூங்காவில் நடக்கிறதா என்பதை ஒரு பிரஷர் கேஜ் (அழுத்தமானி) சொல்லிவிடும். பம்புக்குப் பக்கத்தில் ஓர் அளவு, மிகத் தொலைவில் இருக்கும் தெளிப்பானின் நாசில் (தண்ணீர் பீய்ச்சும் துளைமுனை) அருகில் ஓர் அளவு. இரண்டையும் தண்ணீர் ஓடும்போது எடுக்க வேண்டும். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது கேஜ் காட்டும் எண் பார்க்க அழகாக இருக்கும், பாசனத்துக்கு உதவாது. அழுத்தத்தைப் பார் என்ற அலகில் சொல்வோம்; 10 மீட்டர் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1 பார். மேடு பள்ளத்தால் வரும் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் இடையில் பெரிய இழப்பு தெரிந்தால் குழாயோ, எங்கோ பாதி மூடிய வால்வோதான் குற்றவாளி. ஒரே இடத்தில் நின்று விசிறி போல வீசும் சிறு தெளிப்பானுக்கு 2 பார் அளவில் போதும். சுழன்று தூரமாக வீசும் வகைக்கு 3 முதல் 3.5 பார் வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் வளையமாக விழுந்து நடுவே காயும். மிஞ்சினால் புகை மாதிரி பொடிந்து காற்றோடு போகும். காலை வெயிலில் தெளிப்பானைச் சுற்றி வானவில் தெரிகிறதே என்று ரசிப்பவர்கள் உண்டு; எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரியான 20 டம்ளர்கள் வாங்கி, ஒரு வால்வுக்கு உட்பட்ட புல்வெளியில் சம இடைவெளியில் கட்டம் கட்டமாக வையுங்கள். காற்று அடங்கிய நேரத்தில் 15 நிமிடம் ஓட விட்டு, ஒவ்வொன்றிலும் விழுந்த தண்ணீரை மில்லிலிட்டரில் எழுதுங்கள். மொத்தச் சராசரி ஒன்று எடுங்கள். மிகக் குறைவாக விழுந்த 5 டம்ளர்களுக்குத் தனிச் சராசரி எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் சீர்மை. மொத்தச் சராசரி 40, கடைசி ஐந்தின் சராசரி 18 என்றால் 0.45. நல்ல சுழல் தெளிப்பான் அமைப்பில் 0.7 எதிர்பார்க்கலாம். பராமரிப்பு இல்லாத பழைய அமைப்பில் 0.4, 0.5 என்று வருவது சாதாரணம்.

இந்த எண் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் புல்வெளி இரண்டரை ஏக்கர், அதாவது சுமார் 10,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். ஆக, புல்வெளி முழுக்க 1 மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். ஆவியாதல் 5 மில்லிமீட்டர் உள்ள ஒரு நாளில் வெப்பப் பருவப் புல்லுக்கு அதில் 0.85 பங்கு, ஏறத்தாழ 4.25 மில்லிமீட்டர் தேவை. காய்ந்த கால்பங்கு இடத்துக்கும் இந்த முழுத் தேவை போய்ச் சேர வேண்டுமென்றால், சீர்மை 0.5-ஆக இருக்கும்போது 8.5 மில்லிமீட்டர் பாய்ச்ச வேண்டும், 0.7-ஆக இருந்தால் 6.1 போதும். வித்தியாசம் ஒரு நாளைக்குச் சுமார் 24,000 லிட்டர். நடைமுறையில் மண்ணுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் கொஞ்சம் பரவும், அதனால் மிச்சம் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் காய்ந்த இடம் பச்சையாகும் வரை மொத்த வால்வையும் திறந்து வைப்பதுதான் எல்லாப் பூங்காவிலும் நடக்கிறது என்பதால் திசை தப்பாது.

இனி உங்கள் சேற்று மூலை. என் ஊகம் இது. மூலையில் கால் வட்டம் மட்டும் வீசும் தெளிப்பானில், நடுவில் முழு வட்டம் வீசுவதற்குப் போட்ட அதே நாசிலைப் போட்டிருப்பார்கள். வெளிவரும் தண்ணீர் அதே அளவு, விழும் பரப்பு கால்வாசி. அப்படியானால் மூலைக்கு 4 மடங்கு தண்ணீர் போகிறது. பழுதானபோது கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதைத் தவிர வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம், பார்த்தே பிரித்துவிடலாம். தாழ்வான இடத்தில் ஒரே ஒரு தெளிப்பானைச் சுற்றி மட்டும் சேறு, அதுவும் வால்வை மூடிய பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர் வழிந்து நின்றுவிடுகிறது என்றால், குழாயில் தங்கிய தண்ணீர் வடிகிறது. உள்ளேயே தடுப்பு வால்வு வைத்த தெளிப்பான் மாட்டினால் தீரும். மூடிப் பல மணி நேரம் ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்தால் பகுதி வால்வு சரியாக மூடவில்லை. நாசில் காரணம் என்றால் சேறு ஒரு புள்ளியில் நிற்காது, அந்தக் கால் வட்டம் முழுக்கப் பரவியிருக்கும்.

குழாயைத் தொடாமலே செய்யக்கூடிய மற்ற வேலைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாய்ந்த தெளிப்பானை நிமிர்த்துவது, மண்ணில் புதைந்துபோனதைத் தரைமட்டத்துக்கு உயர்த்துவது, ஒரு தெளிப்பான் வீசும் தண்ணீர் அடுத்த தெளிப்பானின் அடி வரை எட்டுகிறதா என்று பார்ப்பது, சிறு தெளிப்பானும் சுழல் தெளிப்பானும் ஒரே வால்வில் கலந்திருந்தால் பிரிப்பது. முன்னது மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவில் கொட்டும், பின்னது 10, 15-தான் போடும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் ஒரு பக்கம் வெள்ளம் வராமல் என்ன செய்யும்? களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உறிஞ்சும். வண்டல் மண் 10 முதல் 20. உங்களுடையது களியாக இருந்தால் ஒரே மூச்சாக அரை மணி நேரம் ஓட விடுவதை நிறுத்தி, 5 நிமிடம் ஓட்டி, அரை மணி நேரம் ஊற விட்டு, மறுபடி 5 நிமிடம் என்று ஓட்டிப் பாருங்கள். நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பதைவிட, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புல்லின் வேர் ஆழமாக இறங்கும். ‘டக் டக்’ என்று அடித்துச் சுழலும் பித்தளைத் தெளிப்பான்கள் இருந்தால் பழசு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1933-ல் கலிஃபோர்னியாவில் ஓர்ட்டன் எங்கிள்ஹார்ட் உருவாக்கிய வடிவம் அது. கொஞ்சம் கலங்கல் தண்ணீரையும் பொறுத்துக்கொண்டு ஓடும், ஸ்பிரிங்கையும் வாஷரையும் மாற்றினால் மறுபடி வேலை செய்யும்.

அடுத்து, பூங்கா முழுக்கச் சொட்டு நீர் என்ற யோசனை. புதர்ப் பாத்திகளுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு சொட்டும் வகைக் குழாயை, மணல் மண்ணில் 30 சென்டிமீட்டர், களியில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு, மேலே சருகோ மரத்தூளோ மூடிவிட வேண்டும். வெளியே தெரியும்படி விட்டால் மனிதர் கால் ஒரு பக்கம், அணில் பல் ஒரு பக்கம். துளை அளவு 130 மைக்ரான், அதாவது 120 மெஷ் உள்ள வடிகட்டி கட்டாயம். குளத்து நீர் என்றால் பாசி வரும்; வெறும் வலை வடிகட்டி போதாது, மணல் வடிகட்டியோ டிஸ்க் வடிகட்டியோ வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் கழுவி விடும் வால்வு, உயரமான இடத்தில் காற்று வால்வு. இவை இல்லாமல் கொடுத்த மதிப்பீடு மலிவாகத்தான் தெரியும்.

பெரிய புல்வெளிக்கு அடியில் சொட்டுக் குழாய் புதைப்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது நன்றாக ஓடும் இடங்களும் உண்டு. நடைபாதையை ஒட்டிய ஒன்றரை மீட்டர் அகலப் பட்டைகளுக்கு நானே போட்டிருக்கிறேன், அங்கே தெளிப்பான் வைத்தால் பாதித் தண்ணீர் நடைபாதைக்குத்தான். ஆனால் திறந்த பொதுப் புல்வெளியில் ஒருவர் கூடாரத்துக்கு முளை அடிப்பார், இன்னொருவர் மண்ணில் துளையிடும் இயந்திரத்தை ஓட்டுவார், வேர் தானாகவே சொட்டுவாய்க்குள் நுழையும். எங்கே அடைத்தது என்று கண்ணுக்குத் தெரியாது; புல் காய்ந்த பிறகுதான் தெரியும். உங்கள் இடத்தில் நான் போட மாட்டேன்.

மரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பூங்காவில் மெயின் லைன் கசிவுகளை எல்லாம் தேடித் தேடி அடைத்தோம். மீட்டர் கணக்கு அழகாக இறங்கியது, எல்லாரும் கை குலுக்கிக்கொண்டோம். அடுத்த கோடையில் ஓரமாக இருந்த 3 பெரிய மரங்கள் உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்கின. வரைபடத்தில் அந்தப் பக்கம் தெளிப்பானே கிடையாது. பின்னே அவை இத்தனை வருடம் எப்படி வளர்ந்தன என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கசிவைக் குடித்து வளர்ந்த மரங்கள். ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. பழைய பாசனத்தின் குறைகளுக்கு ஏற்பவே தோட்டம் தன்னை அமைத்துக்கொண்டிருக்கும். குறையைச் சரிசெய்யும்போது அதை நம்பி இருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். புல்வெளித் தெளிப்பானை நிறுத்திவிட்டு அங்கே சொட்டு நீர் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் புல்லுக்குப் போட்ட தண்ணீரில் ஒரு பங்கைப் பக்கத்து மரம்தான் குடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் கிளைகளின் ஓர நிழல் விழும் வட்டத்தை ஒட்டி இரண்டு சுற்றுச் சொட்டுக் குழாய், தனி வால்வில், சில வாரங்களுக்கு ஒருமுறை நீண்ட நேரம் ஓடும்படி கேளுங்கள். தண்டின் அடியில் சுற்றுவதில் பயனில்லை, உறிஞ்சும் வேர் அங்கே இல்லை.

பள்ளம் தோண்டுவதிலும் மரம்தான் முதல் கணக்கு. நெஞ்சு உயரத்தில் தண்டின் விட்டம் எவ்வளவோ, அதைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் இயந்திரம் போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் தரவிதி. எங்கும் பின்பற்றத் தகுந்தது. 60 சென்டிமீட்டர் தண்டுக்கு 7.2 மீட்டர். அந்த வட்டத்துக்குள் குழாய் போயே ஆக வேண்டுமென்றால் கையால் தோண்டி, 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான வேரை வெட்டாமல் அதன் அடியில் நுழைத்துக் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் பக்கவாட்டுத் துளையிடும் இயந்திரத்தால் ஆழத்தில் போக வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் எந்தப் பொக்லைன்காரரும் இதைச் செய்ய மாட்டார்.

சரி, மெயின் லைன். துருப்பிடித்த ஜி.ஐ. மெயினை மாற்றத்தான் வேண்டும், அதில் தயங்க வேண்டாம். பழைய பூங்காவில் பெரிய செலவுக்குத் தகுதியான ஒரே இடம் அது. பி.வி.சி.யா, வளையக்கூடிய பாலிஎத்திலீன் குழாயான ஹெச்.டி.பி.இ.யா என்று கேட்பீர்கள். வேர் நிறைந்த இடத்தில் நான் ஹெச்.டி.பி.இ. பக்கம். உருக்கி ஒட்டிய இணைப்பில் வேர் நுழைய வழியில்லை, துளையிட்ட வழியே நீளமாக இழுத்துவிடலாம். மற்ற இடங்களில் பி.வி.சி. போதும், இணைப்புகளை அவசரமில்லாமல் சுத்தம் செய்து ஒட்டினால். குழாய்க்குள் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டாத அளவுக்கு விட்டம் எடுங்கள். உங்கள் புல்வெளிக்கு ஒரு நாளைக்கு 60,000 லிட்டர், அதை 5 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர். 63 மில்லிமீட்டர் பி.வி.சி. அதற்குச் சரியாக ஈடுகொடுக்கும். பாத்திகளும் அதே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் 75-க்குப் போய்விடுங்கள். துருவால் 40-ஆகச் சுருங்கிய பழைய குழாயில் இதே வேக வரம்பில் 110 லிட்டர்தான் போகும். 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் பி.வி.சி.யில் 5, 6 பார் அதிர்ச்சி ஏறும், இரும்பில் அதைப் போல 3 மடங்கு. வால்வை மூடியதும் குழாய் உதறுகிறதே, அது இதுதான். மெயினை வளையமாக இணைத்து, நடுநடுவே அடைப்பு வால்வு வைத்தால் ஓர் இடம் உடைந்தாலும் மற்ற பகுதிக்குத் தண்ணீர் நிற்காது. இன்னொன்று: அந்தக் காலத்துப் பூங்காக்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் இருக்க வாய்ப்புண்டு. சாம்பல் நிறத்தில் சிமென்ட் போலத் தெரிந்தால் ரம்பமோ கிரைண்டரோ வைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பெரும்பாலும் அதை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுக் குழாய் போடுவதே வழி. உங்கள் பகுதி விதி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெயின் சரியான பிறகு பம்பை மறுபடி அளந்து பாருங்கள். இருக்கும் பம்பே அதிகம் என்று வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற மின்கருவி ஒன்று போட்டால் பலன் நிறைய. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தண்ணீர் 80 சதவீதம் வரும், அழுத்தம் 64 சதவீதமாகும், மின்சாரமோ பாதிதான் செலவாகும். இது பம்பின் அடிப்படை விதி; உயரமான தொட்டிக்கு ஏற்றும் இடத்தில் இவ்வளவு பலன் வராது.

வால்வுகளை நேரப்படி தானாகத் திறந்து மூடும் கன்ட்ரோலரை, அதாவது அந்தக் கைபேசிச் சமாச்சாரத்தை, கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது நேரத்தை மட்டும்தான் பார்க்கும். சீர்மை 0.45 உள்ள தெளிப்பான்களைக் கைபேசியிலிருந்து இயக்கினால் அதே சேறும் அதே காய்ந்த புல்லும் சரியான நேரத்துக்கு வரும், அவ்வளவுதான். ஆனாலும் ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலை 4 மணிக்குக் காற்றும் வெயிலும் இல்லாமல் பாய்ச்ச முடியும் என்பதால் ஒருநாள் வாங்கத்தான் வேண்டும். அதனால் மெயின் பள்ளம் திறந்திருக்கும்போதே கம்பிக்கு ஒரு குழாய் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். வாங்கும்போது ஓட்டம் அளக்கும் சென்சாரும் தலைமை வால்வும் சேர்த்துக் கேளுங்கள். இரவு 2 மணிக்குத் தெளிப்பான் உடைந்தால் தானாக மூடிக்கொள்ளும். என் கணக்கில் மற்ற எல்லா வசதியையும்விட இதற்கே மதிப்பு அதிகம். வானிலையைப் பார்த்து நேரத்தை மாற்றும் வசதி புல்வெளிக்கு நம்பகமானது. பலவகைச் செடி கலந்த பாத்திக்கு அது போடும் கணக்கு வெறும் மதிப்பீடுதான், கையால் மண்ணைத் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். மண் ஈரம் அளக்கும் சென்சார் புதைத்த இடத்தின் ஈரத்தைச் சரியாகச் சொல்லும். 10,000 சதுர மீட்டருக்கு இரண்டை வைத்து முடிவெடுக்கச் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். இணையம் போனாலும், விற்றவர் கடையை மூடினாலும், பெட்டியில் உள்ள பொத்தானை அமுக்கி ஓட்ட முடிய வேண்டும். ஒரு வால்வு திறக்கவில்லை என்றால் உடனே கன்ட்ரோலரைக் குறை சொல்லாமல் வால்வைத் திறக்கும் மின்சுருளான காயிலை மல்டிமீட்டரில் பாருங்கள். 24 வோல்ட் காயில் நன்றாக இருந்தால் பொதுவாக 20 முதல் 60 ஓம் காட்டும்.

பாசனத் தண்ணீர் குடிநீர் இணைப்பிலிருந்து வருகிறதா? அப்படியானால் இடையில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பது) மட்டும் வைத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உரம் கலந்த, மண்ணில் ஊறிய தண்ணீர் குடிநீருக்குள் திரும்பக் கூடாது. தொட்டியில் மேலிருந்து விழும்படி விட்டு, அங்கிருந்து பம்ப் செய்வதுதான் எளிமையான, உறுதியான வழி. சுத்திகரித்த கழிவுநீர் என்றால் ஊதா நிறக் குழாய், அறிவிப்புப் பலகை, ஆளில்லாத நேரத்தில் மட்டும் பாசனம். உப்பளவை வருடம் ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும்.

ஆக, ஒரேயடியாகவா கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதற்கு: மெயினையும் அடைப்பு வால்வுகளையும் ஒரேயடியாக மாற்றுங்கள், மற்றதைப் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். புது மெயின் முழு அழுத்தத்தில் ஓடிக் காட்டும் வரை பழையதைத் துண்டிக்காதீர்கள், நடுக்கோடையில் தொடங்காதீர்கள். முதல் பகுதியாக, மிக மோசமான இடத்தை எடுக்காமல் நடுத்தரமான ஒன்றை எடுத்து முடித்து, ஒரு பருவம் பாருங்கள்; அதில் தெரியும் தப்பு அடுத்த பகுதியில் வராது. பள்ளத்தை மூடும் முன், பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி ஒவ்வொரு திருப்பத்தையும் வால்வையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டம்ளர் சோதனையில் 0.7 வந்து, திருத்திய வரைபடமும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதற்குச் சம்மதிப்பார்.

இப்போதைக்கு அந்த இரவு மீட்டர் கணக்கை எடுங்கள். சேற்று மூலையில் இருக்கும் தெளிப்பானையும் நடுவில் இருப்பதையும் கழற்றி நாசிலில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் என் ஊகம் சரி. மூன்று எண்களையும், மண் எந்த வகை என்பதையும் எழுதுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.